குளத்தில் விட்ட குட்டி ஆமை: இனி என்ன செய்வது?

#1 மறுகால் | மார்ச் 8, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். நாங்குநேரிப் பக்கம் ஒரு மானாவாரிக் குளத்தை ஒட்டிய ஊர் எனக்கு. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஆமை பார்க்கிறேன் என்று யாராவது வலையோடு வந்துவிடுவார்கள். அதில் மாட்டப்போவது நம்முடைய ஆமைகளாகத்தான் இருக்கும்.

மடைக்குப் பக்கத்தில் ஒரு பனந்தடி பாதி முங்கிக் கிடக்கிறது. காலை வெயிலுக்குக் காராமைகள் அதில் வரிசையாக ஏறி உட்காரும். சிறுபிள்ளையில் நாங்கள் கல்லெறிந்து விளையாடியதும், தாத்தா அதற்காக முதுகில் இரண்டு போட்டதும் நினைவிருக்கிறது. இரண்டு வருடமாக அந்தத் தடியில் வேறு ஆமை உட்கார்ந்திருக்கிறது. கழுத்திலும் காலிலும் மஞ்சள் கோடுகள், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை. முதலில் ஒன்றுதான் தெரிந்தது. இந்த மாசியில் ஒரே நேரத்தில் ஐந்து எண்ணினேன். காராமை தடியில் ஏறி நான் பார்த்துப் பல வாரமாகிறது.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அந்த ஐந்தில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து போனது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பொருட்காட்சிக் கடையில் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சைப் பசேல் என்று இருந்தது. “இதுக்கு மேல வளராது” என்று கடைக்காரர் சொன்னார். மூன்று வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. தொட்டித் தண்ணீர் நாறியது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தில் விட்டுவிட்டு வந்தோம். புண்ணியம் செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது என்ன செய்யலாம்? நானே வலை போட்டுப் பிடிக்கலாமா?

#2 நீர்க்காகம் | மார்ச் 8, இரவு 10:02

அண்ணாச்சி, முதலில் ஒன்று. தயவுசெய்து தனியாக வலை போடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு படம் போட முடியுமா? காலையில் வெயில் முகத்தில் படும் பக்கமாக நின்று, தலை தெரிய எடுங்கள்.

#3 மறுகால் | மார்ச் 9, காலை 7:48

இரண்டு படம் இணைத்திருக்கிறேன். இரண்டாவதில் இடது ஓரம் இருப்பது கறுப்பாகத் தெரிகிறது. அது காராமையா என்று சந்தேகம்.

#4 நீர்க்காகம் | மார்ச் 9, காலை 8:35

முதல் படத்தில் மூன்றும் சிவப்புக் காது ஆமைதான். சந்தேகமே இல்லை. காது என்று சொல்கிறார்களே தவிர அதற்கு வெளிக்காது கிடையாது. கண்ணுக்குப் பின்னால் ஓடும் அந்தச் சிவப்புப் பட்டைக்காக வந்த பெயர். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் மெக்சிகோவின் வடபகுதியும் அதன் சொந்த ஊர். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இது இருக்கிறது.

இரண்டாவது படத்தில் இடது ஓரம் இருப்பதும் அதே இனம்தான், வயதான ஆண். வயதாக ஆக ஆண் ஆமைக்கு உடம்பு கறுத்து, பட்டை மங்கிவிடும். முன்னங்கால் நகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று. காராமைக்கு அப்படி இருக்காது.

இந்த இழையைப் படிக்கும் எல்லோரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் தப்பு நடக்கும். நம் குளங்களில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு. ஒன்று பாலாமை. ஓடு வழவழப்பாக, மேலே தோல் போர்த்தினாற்போல் இருக்கும். மூக்கு குழல் மாதிரி நீண்டிருக்கும். புரட்டிப் பார்த்தால் பின்னங்கால்களை மூடிக்கொள்ள இரண்டு மடல் இருக்கும். இன்னொன்று காராமை. கருப்பு அல்லது அடர் பழுப்பு, முதுகில் தலையிலிருந்து வால் பக்கம் வரை மூன்று வரப்பு ஓடும். நம் தென்பகுதிக் காராமைகளுக்குத் தலையில் மஞ்சளோ செம்மஞ்சளோ புள்ளிகள் இருப்பதுண்டு. “தலையில் சிவப்பு இருந்தால் பிடி” என்று ஊரில் சொல்லிவிட்டீர்கள் என்றால் முதலில் சாவது காராமைதான். புள்ளி வேறு, பட்டை வேறு. சிவப்புக் காது ஆமையின் அடிவயிற்று ஓடு மஞ்சளாக, கட்டம் கட்டமாகக் கருந்திட்டுகளோடு இருக்கும். புரட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

இப்போது வலை விஷயம். பாலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதும் கண்ணி வைப்பதும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். குறைந்தது மூன்று வருடச் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். நீங்கள் நல்ல எண்ணத்தில் போட்ட வலையில் பாலாமை மாட்டி, மூச்சு முட்டிச் செத்தால் பொறுப்பு உங்களுடையது. ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

#5 தேரடி | மார்ச் 9, பகல் 1:20

கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்து ஆமைக்கு இவ்வளவு பேச்சு தேவையா? தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறது. அமலைச் செடி, அதான் ஆகாயத்தாமரை, ஆற்றை மூடிக் கிடக்கிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று துணியை ஆற்றோடு விடுகிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தடை செய்த பிறகும் பண்ணைகளில் வளர்த்து, மழைக்கு அது குளத்துக்கு வருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஆமையைத் துரத்தினால் ஆறு சுத்தமாகிவிடுமா? அதுவும் ஒரு ஜீவன். எங்கேயோ பிறந்ததைப் பிடித்துக்கொண்டு வந்தது மனிதன். தண்டனை ஆமைக்கா?

#6 பொதிகைத்தென்றல் | மார்ச் 9, மாலை 5:15

தேரடி சொல்வதுதான் எனக்கும். பெருமாள் கூர்மமாக வந்தவர். எங்கள் வீட்டில் ஆமையைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடும் பழக்கம். பிடித்துக் கொல்லத்தான் போகிறீர்கள் என்றால் இந்த இழையில் எனக்கு வேலையில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்.

#7 நீர்க்காகம் | மார்ச் 9, இரவு 9:40

தேரடி, நீங்கள் அடுக்கிய எல்லாமே உண்மை. நானும் வருடா வருடம் தைப் பொங்கலை ஒட்டி நடக்கும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்புக்குக் குளம் குளமாகப் போகிறவன். 2011லிருந்து அந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. சாக்கடையையும் அமலையையும் நேரில் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்கு 1952ல் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான மீன் என்று நல்ல நோக்கத்தில்தான் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நெல்லைச் சீமையில் ஜிலேபி இல்லாத குளம் ஒன்றைக் காட்டுங்கள். இனி அதை எடுக்க யாராலும் முடியாது. சீமைக் கருவேலத்தையும் அமலையையும் பற்றி நான் சொல்லவே வேண்டாம். இவை எல்லாமே ஒரு காலத்தில் “நாலுதானே இருக்கு” என்று விடப்பட்டவை. ஆமை இப்போது அந்த நாலு என்கிற நிலையில் இருக்கிறது. நாலு மனிதர்கள், இரண்டு நாள், ஆமை பிடிக்க ஒரு கூடு இருந்தால் போதும். பத்து வருடம் கழித்து எத்தனை கோடி இருந்தாலும் போதாது.

அது செய்யும் கேடு என்ன என்று கேட்பீர்கள். ஆமைக்கு வெயில் என்பது நமக்குச் சோறு மாதிரி. உடம்பு சூடேறினால்தான் தின்றது செரிக்கும். குளத்தில் ஏறி உட்கார நல்ல இடம் நாலைந்துதான் இருக்கும். பிரான்சில் அந்த நாட்டு ஆமையையும் சிவப்புக் காது ஆமையையும் ஒரே குளத்தில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நல்ல இடங்களையெல்லாம் வந்த ஆமை பிடித்துக்கொண்டது. சொந்த ஊர் ஆமை ஒதுங்கிப் போனது, எடை குறைந்தது, சாவும் கூடியது. மறுகால் அண்ணாச்சி பனந்தடியில் பார்த்ததும் இதைத்தான் நினைவுபடுத்துகிறது. அப்புறம், நீர்ப்பறவைகளின் மிதக்கும் கூட்டில் ஏறி வெயில் காய்வதையும் வெளிநாடுகளில் கண்டிருக்கிறார்கள். நம் முக்குளிப்பான் கூடு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கைப்பிடி பாசியும் கோரையும்தான். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆமை ஏறினால் முட்டை தண்ணீருக்குள்தான்.

முட்டைக் கணக்கையும் பாருங்கள். காராமை ஒரு தடவைக்கு ஏழெட்டைத் தாண்டுவது அபூர்வம். இது இருபது, முப்பது வரைகூட இடும். ஒரே பருவத்தில் பல தடவை இடும். ஒருமுறை இணைந்த பெட்டை, ஆணே இல்லாமல் பின்னாலும் பொரிக்கும் முட்டைகளை இட முடியும். முட்டை இருக்கும் மண் சூடாக இருந்தால் பெட்டைகளே கூடுதலாகப் பொரியும். நம்மூர் மண்ணின் சூட்டைச் சொல்ல வேண்டுமா?

#8 செங்கோட்டை வழி | மார்ச் 10, காலை 6:30

ஊர் தென்காசிப் பக்கம், வேலை திருச்சூரில். இங்கே இந்தக் கதை ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. ஓடைகளிலும் குளங்களிலும் இந்த ஆமை கிடைத்த பிறகு, பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. வீட்டில் வைத்திருப்பவர்கள் வெளியே விடாமல் தங்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். “தப்புச் செய்துவிட்டீர்கள்” என்று யாரையும் மிரட்டாமல், “கொண்டுவந்து கொடுங்கள்” என்று கேட்டதால்தான் ஜனங்கள் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கோயில் குளம் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். 2020ல் அசாமில் குவஹாத்தி உக்ரதாரா கோயில் குளத்திலும் இது தென்பட்டது. பல வகை ஆமைகளைப் பக்தர்கள் பேணி வைத்திருக்கும் குளம் அது. நம்முடைய தெப்பக்குளங்களிலும் விடுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் விடுவதில்லை. அந்தப் பழமொழியும் புண்ணியமும் சேர்ந்து விட வைக்கின்றன. “ஆமை புகுந்த வீடு” என்பதே “ஆம்பி பூத்த வீடு” என்று இருந்ததாகச் சொல்வோர் உண்டு. ஆம்பி என்றால் காளான். அது எப்படியோ, இந்தப் பழமொழியால் எத்தனை குளத்துக்கு இந்த ஆமை போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

#9 ஆட்டுக்கிடை | மார்ச் 10, இரவு 8:55

கால்நடை மருத்துவம் படித்து இருபது வருடமாக இதே மாவட்டத்தில் இருக்கிறேன். மூன்று விஷயம் சொல்கிறேன்.

குழந்தைகள் முதலில். ஆமையின் உடம்பிலும் தொட்டித் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு ஒன்றும் செய்யாது. சின்னக் குழந்தைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். அமெரிக்காவிலேயே 1975லிருந்து நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையைச் செல்லப்பிராணியாக விற்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். குட்டி ஆமையைக் குழந்தை வாயில் வைத்துவிடும் என்பதுதான் காரணம். உள்ளூரில் விற்க முடியாததைப் பிற நாடுகளுக்கு ஏற்றினார்கள். 1989க்கும் 1997க்கும் இடையில் மட்டும் 5 கோடியே 20 லட்சம் ஆமைகள் அங்கிருந்து ஏற்றுமதியாயின. மறுகால் மகளின் ஆமையும் அந்த வியாபாரத்தின் வால்தான். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக் கழுவாதீர்கள்.

இரண்டாவது, கொல்வது பற்றி. பொதிகைத்தென்றல் அக்காவின் மனது எனக்குப் புரிகிறது. பிடித்த ஆமையைக் கல்லில் அடிப்பது, வெயிலில் கவிழ்த்துப் போடுவது, குளிர்பெட்டியில் உயிரோடு வைப்பது எல்லாம் சித்திரவதை. ஆமையின் உயிர் சீக்கிரம் போகாது, வலி மட்டும் நீளும். பிடித்த பிறகு இரண்டு வழிதான் யோக்கியமானது. ஒன்று, வெளியே போக முடியாத தொட்டியில் அதன் ஆயுசு முழுக்க வைத்துப் பராமரிப்பது. இன்னொன்று, மருத்துவர் கையால் ஊசி போட்டு வலியில்லாமல் முடிப்பது. எதைச் செய்தாலும் வனத்துறை முடிவெடுத்துச் செய்யட்டும். நாமாகச் செய்யக் கூடாது.

மூன்றாவது, இரக்கம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தடியிலிருந்து தள்ளப்பட்டு, செரிக்காமல் மெலிந்து சாகிற காராமை நம் கண்ணில் படுவதில்லை. அதுவும் கூர்மம்தான் அக்கா.

#10 பொதிகைத்தென்றல் | மார்ச் 11, காலை 11:05

கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன், டாக்டர். பிடித்துத் தொட்டியில் வைப்பதற்கு நான் எதிரி இல்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வளவில் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. சட்டம் இடம் கொடுத்தால் இரண்டு ஆமையை நான் வைத்துக்கொள்கிறேன். உண்மையாகவே சொல்கிறேன்.

#11 பேட்டை வாசகன் | மார்ச் 11, பகல் 2:30

நான் இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தவன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. நாலு வயது. குளத்தில் விடலாம் என்றுதான் இந்த வாரம் நினைத்திருந்தோம். இந்த இழையைப் படித்த பிறகு விடவில்லை. எப்படி வைத்துக்கொள்வது? இன்னும் எத்தனை வருடம் இருக்கும்?

#12 ஆட்டுக்கிடை | மார்ச் 11, இரவு 9:20

விடாமல் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய உதவி தம்பி. இன்னும் இருபது, முப்பது வருடம்கூட இருக்கலாம். மனதில் தெம்பு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்த குளத்துக்குப் போகும்.

மொட்டை மாடியிலோ முற்றத்திலோ பெரிய தொட்டி. முங்கி நீந்தத் தண்ணீர், ஏறி உட்காரக் கல் மேடை, பாதித் தொட்டிக்கு நிழல். சுவர் ஓர் அடிக்குமேல் தண்ணீரிலிருந்து உயர்ந்திருக்கட்டும், வழவழப்பாக இருக்கட்டும். கம்பிவலை மூடி கட்டாயம். இது நன்றாக ஏறும், நிலத்திலும் வெகுதூரம் நடக்கும். வெளிநாட்டில் மஞ்சள் விளக்கு, புற ஊதா விளக்கு என்று செலவு செய்கிறார்கள். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. வளர்ந்ததற்குக் கீரையும் பாசியும் அதிகம், மீனும் புழுவும் கொஞ்சம். சோறு, பிஸ்கட் வேண்டாம். பெட்டையாக இருந்து முட்டையிட்டால் முட்டையை மண்ணில் விட்டுவைக்காதீர்கள். தொட்டித் தண்ணீரை ஓடையில் ஊற்றாமல் தென்னைக்கு ஊற்றுங்கள்.

#13 கரையடி | மார்ச் 12, காலை 5:50

நான் குளங்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்து மீன் பிடிக்கிறவன். முப்பது வருட அனுபவம். இங்கே படித்தவர்கள் பேசுகிறீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிவப்புக் கோடு ஆமை எங்கள் வலையில் வந்திருக்கிறது. கடையாமை என்போம். தின்பதற்கு எடுக்க மாட்டோம், திரும்பத் தண்ணீரில் போட்டுவிடுவோம். அது தப்பு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நிறைந்த குளத்தில் ஆமையைத் தேடுவது வீண் வேலை. சித்திரை, வைகாசிக்குப் பொறுங்கள். மானாவாரிக் குளம் வற்றி, மடைக்குப் பக்கத்தில் கசத்தில், அதாவது ஆழமான பள்ளத்தில், மட்டும் தண்ணீர் நிற்கும். குளத்தில் உள்ள ஜீவன் எல்லாம் அந்தக் கசத்தில் வந்து நிற்கும். நாங்கள் மீன் அரிப்பதும் அப்போதுதான். இரண்டு வேளையில் அத்தனை ஆமையும் கைக்கு வரும். கையால் பிடித்தால் நம் ஆமைக்கும் சேதம் இல்லை. புரட்டிப் பார்த்து நம்முடையதை விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பாலாமை கசத்துக்கு வராமலும் இருக்கும். தண்ணீர் குறைந்ததும் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் ஜேசிபியை விட்டுக் குளத்தைத் தோண்டினால் ஆமையும் மண்ணோடு லாரியில் போய்விடும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டல் எடுக்கும் இடத்தில் கம்பால் குத்திப் பார்க்காதீர்கள், ஓடு உடையும். மண்வெட்டியால் மேலாகச் சீவிப் பார்க்க வேண்டும்.

#14 நீர்க்காகம் | மார்ச் 12, காலை 9:15

கரையடி அண்ணாச்சி, இந்த இழையில் இதுவரை வந்ததில் மிகப் பயனுள்ள பதிவு உங்களுடையது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் 2004ல் இதே ஆமையைக் கண்டதும் குளங்களைச் சுற்றி வேலி போட்டு, தண்ணீரை இறைத்து, நாய்களுக்கு மோப்பம் பழக்கி முட்டைக் குழிகளைத் தேடினார்கள். அவர்கள் இயந்திரம் வைத்து இறைத்ததை நமக்குக் கோடை வருடா வருடம் இலவசமாகச் செய்து தருகிறது! ஆற்றுப் பாசனக் குளங்களில் இந்த வசதி இல்லை. அங்கே கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மானாவாரிக் குளம்தான் நாம் தொடங்க வேண்டிய இடம்.

ஆனால் குளம் வற்றினால் ஆமை அடுத்த குளத்துக்கு நடக்கப் பார்க்கும். வற்ற வற்றக் கரையைக் காலையிலும் மாலையிலும் சுற்றி வர ஆள் வேண்டும். முழுக்க வற்றும்வரை காத்திருக்கவும் கூடாது.

முட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரைச் சரிவில் மண் இளக்கமாக இருக்கும் இடத்தில் குழி தோண்டி இடும். காராமையும் அங்கேதான் இடும். பாலாமை முட்டை கோலிக்குண்டு மாதிரி உருண்டை, ஓடு கெட்டி. காராமை முட்டை நீளமானது, அதற்கும் ஓடு கெட்டி. கடையாமை முட்டை நீளவாக்கில் இருக்கும், ஓடு தோல் மாதிரி நெகிழும். இதைத் தெரிந்துகொள்வதற்காகச் சொன்னேன், தோண்டிப் பார்ப்பதற்கு இல்லை. வனத்துறையினர் கூட இல்லாமல் எந்தக் குழியிலும் கை வைக்காதீர்கள்.

வற்றாத குளத்துக்கு மிதவைக் கூடு உண்டு. பிவிசி குழாயில் சதுரச் சட்டம், சுற்றிலும் சாய்வுப் பலகை, நடுவில் தொங்கும் வலைப்பை. வெயில் காய ஏறும் ஆமை, ஆள் அரவம் கேட்டு உள்பக்கம் குதித்தால் பைக்குள் விழும். மேலே திறந்திருப்பதால் மூச்சு முட்டாது. முழுக்க முங்கும் கூட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. மிதவைக் கூடு வைத்தாலும் காலையும் மாலையும் பார்த்தே ஆக வேண்டும். நம் வெயிலில் ஒரு நாள் மறந்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும்.

#15 தேரடி | மார்ச் 12, இரவு 10:30

சரி, நாலு ஆமை என்கிற காலத்தில் எடுப்பது எளிது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடையில் விற்பது நிற்காமல் குளத்தில் பிடித்து என்ன பயன்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான்.

#16 செங்கோட்டை வழி | மார்ச் 13, காலை 6:45

நியாயமான கேள்வி. 2022ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, பரவலைக் கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான். கேட்கும்போது இந்த ஒரு ஆமையை மட்டும் கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 1997ல் சிவப்புக் காது ஆமையின் இறக்குமதியை நிறுத்தியது. வியாபாரிகள் உடனே அதன் பங்காளியான மஞ்சள் வயிற்று ஆமைக்கும் மற்ற வகைகளுக்கும் மாறிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தையே சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது வாங்காமல் இருப்பது. திருவிழாக் கடையில் குழந்தை கேட்டால் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

#17 மறுகால் | மார்ச் 13, இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. இன்று வனச்சரக அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். என் தப்பையும் எழுதினேன். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்துக்கும் படங்களை அனுப்பியிருக்கிறேன். குளத்தில் மீன்பாசி எடுத்தவரிடமும் பேசினேன். சித்திரைக் கடைசியில் மீன் அரிக்கும் நாளில் வனக்காப்பாளர் வந்து நிற்பதாகச் சொன்னார்.

ஊரில் பேசியபோது ஒரு பெரியவர், “ஆமைக்கு ஏண்டே ஆள் கூட்டுத?” என்று கேட்டார். கூந்தன்குளத்தைச் சொன்னேன். அங்கே பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்களே, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்களே, நாம் ஒரு நாள் கசத்தில் இறங்கக் கூடாதா என்றேன். அதற்குமேல் அவர் மறுத்துப் பேசவில்லை. அவர் பேரனை அனுப்புகிறாராம்.

#18 நீர்க்காகம் | மார்ச் 14, காலை 7:20

நானும் வருகிறேன் அண்ணாச்சி. நாலைந்து சாக்கும் ஒரு தராசும் கொண்டு வருகிறேன். பிடிக்கும் நம் ஆமைகளையும் எண்ணி, எடை போட்டு, வனத்துறைக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு விடலாம். அடுத்த வருடம் காராமை கூடியதா என்று தெரிய அது உதவும்.

#19 மறுகால் | மே 11, மாலை 6:40

இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். நேற்றும் இன்றும் கசத்தில் இறங்கினோம்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பம். கரையடி அண்ணாச்சி தன் ஆட்கள் மூன்று பேரோடு வந்துவிட்டார், இதற்காக ஏரல் பக்கத்திலிருந்து. முதலில் மீனை அரித்தார்கள். பிறகு இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் வரிசையாகக் காலால் தடவிக்கொண்டே போனோம். வனக்காப்பாளர் கரையில் ஈரச் சாக்கை நிழலில் விரித்து உட்கார்ந்திருந்தார். எது கிடைத்தாலும் அவரிடம் கொடுத்து, புரட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு.

பாலாமை பதினொன்று. அப்படியே ஈரச் சேற்றில் விட்டோம். சில நிமிடத்தில் புதைந்து மறைந்தன. காராமை மூன்றுதான். எங்கள் தாத்தா காலத்துக் குளத்தில் மூன்று. நீர்க்காகம் தம்பி எடை போட்டார், ஒன்று ரொம்ப மெலிந்திருந்தது. கடையாமை ஆறு. ஐந்து பெரியது, ஒன்று உள்ளங்கை அளவு. அந்தச் சின்னதைப் பார்த்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். யாராவது புதிதாக விட்டதாகவும் இருக்கலாம், இங்கேயே பொரித்ததாகவும் இருக்கலாம்.

பெரியதில் ஒன்றுக்கு ஓட்டின் பின்பக்கம் சின்ன வெட்டு இருந்தது. எங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து வந்த வெட்டு அது. மகள்தான் அடையாளம் சொன்னாள். பன்னிரண்டாவது எழுதிவிட்டு வந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே கொண்டுபோய் வனத்துறை வண்டியில் வைத்தாள். அதை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன், மறைக்கவில்லை.

#20 பொதிகைத்தென்றல் | மே 11, இரவு 8:10

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது தம்பி. தொட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன் என்று அந்த அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். மகளை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

#21 கரையடி | மே 12, காலை 5:35

வண்டல் எடுக்க அனுமதி கேட்டு உங்கள் குளத்துக்கு மனு போயிருப்பதாகக் கேள்வி. மடைக்குத் தென்பக்கம் பாலாமை புதைந்த இடத்தில் கம்பு நட்டு வையுங்கள். மழை வருமட்டும் அந்தப் பக்கம் வண்டி இறங்கக் கூடாது.

#22 மறுகால் | மே 12, இரவு 7:55

இன்றைக்கே கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். தலைவரிடமும் சொல்லியாயிற்று.

சாயங்காலம் பனந்தடிப் பக்கம் போனேன். தண்ணீர் இல்லாததால் தடி முழுக்க வெளியே தெரிகிறது, நினைத்ததைவிட நீளம். கரைச் சரிவில் ஓரிடத்தில் மண் புதிதாகக் கிளறியிருக்கிறது. தொடவில்லை. படம் எடுத்து வனக்காப்பாளருக்கு அனுப்பியிருக்கிறேன், காலையில் வருகிறார். நீர்க்காகம் தம்பி, முடிந்தால் நீங்களும் வாருங்கள்.